ஹெர்மன் ஆமைக்கு வீட்டுக்குள் இடம்: ஒரே பிளைவுட் தகட்டில் கட்டும் முறை

நிலத்தாமை வளர்க்க முடிவு செய்தவர்கள் முதலில் தேடுவது பெட்டியைத்தான். கடையில் கண்ணாடித் தொட்டி ஒன்றையோ ஒரு மீட்டர் நீளம்கூட இல்லாத மரப்பெட்டி ஒன்றையோ காட்டுவார்கள். அதில் ஒரு விளக்கைப் பொருத்தி, கொஞ்சம் மரச்சீவலைக் கொட்டி, ஆமையை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆமையோ வெயிலில் காய்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, சூடு மிகும்போது ஈரமண்ணில் புதைந்து ஆறி, இப்படி இடம் மாறி மாறியே தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் உயிர். ஒரே வெப்பமுள்ள பெட்டிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. எனவே எங்கே வெயில், எங்கே நிழல், எங்கே ஈரம் என்று முதலில் தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தைத் தாங்குவதற்காகப் பெட்டியைக் கட்ட வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது, பிரிட்டனில் வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் ஹெர்மன் ஆமை. ஸ்பெயின், தென் பிரான்ஸ், இத்தாலி, பால்கன் நாடுகள் ஆகிய மத்தியதரைக் கடலோரப் பகுதிகளின் புதர்க்காடுகள் அதன் தாயகம். வளர்ந்த ஆமை பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ நீளம் இருக்கும். நன்றாகப் பேணினால் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழும். கோடையில் அது தோட்டத்தில் புல் மேய்ந்து திரிய வேண்டிய விலங்குதான் என்றாலும், ஆங்கில நாட்டுக் குளிரில் ஆண்டின் பெரும்பகுதியை வீட்டுக்குள் கழிக்க நேர்கிறது. அந்த மாதங்களுக்கான இடம் இது. மத்திய ஆசியாவைச் சேர்ந்த ஹார்ஸ்ஃபீல்டு ஆமைக்கும் இதே பெட்டி பொருந்தும். அது ஆழமாகத் தோண்டும் வழக்கமுடையது என்பதால் மண்ணை மட்டும் இன்னும் ஆழமாகப் போட வேண்டும்.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். பிரிட்டனில் ஹெர்மன் ஆமையை விற்பவர், அதை விற்க அரசு அனுமதிக்கும் ஆர்ட்டிகிள் 10 சான்றிதழையும் சேர்த்துத் தர வேண்டும். சான்றிதழ் இல்லாத ஆமையை வாங்காதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள், நம் ஊர்ப் புதர்க்காடுகளில் காணும் நட்சத்திர ஆமைக்காக இந்தப் பெட்டியைக் கட்ட எண்ண வேண்டாம். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பன்னாட்டு வணிகத்துக்காகப் பெருமளவில் கடத்தப்பட்டதால், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதற்பட்டியலுக்கு 2019 இல் அது மாற்றப்பட்டது. அடிபட்ட நட்சத்திர ஆமை உங்கள் கண்ணில் பட்டால் வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

முதலில் தட்பவெப்பம்

ஒரு தாளில் நீண்ட செவ்வகம் ஒன்றை வரைந்துகொள்ளுங்கள். அதன் இடது முனை வெயில் காயும் இடம்: பகலில் ஆமையின் ஓட்டு மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். வலது முனை குளிர்ந்த இடம்: அங்கே 20 முதல் 22 டிகிரி போதும். நடுவில் வெப்பம் படிப்படியாக இறங்கும். இரவில் விளக்குகள் எல்லாம் அணைந்து பெட்டி முழுவதும் 15 அல்லது 16 டிகிரிக்கு இறங்கினாலும் நலமான, நன்கு வளர்ந்த ஆமைக்குக் கேடில்லை. அதன் தாயகத்திலும் இரவு குளிர்ந்துதான் இருக்கிறது. இரவிலும் சூடாக இருக்கட்டும் என்று இரக்கப்பட்டு விளக்கை எரியவிடுவது அதன் உறக்கத்தைக் கெடுக்கும்.

வெப்பத்தோடு ஒளியும் சேர வேண்டும். ஆமையின் தோலில் புறஊதா-பி கதிர் படும்போதுதான் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்குகிறது; அது முழுமையடைய உடம்பின் சூடும் தேவை. டி3 இல்லாவிட்டால் உண்ணும் சுண்ணாம்புச் சத்து எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேராது; ஓடு மெத்தென்றாகி, கால்கள் வளைந்து, ஆமை மெல்ல மெல்ல நலிந்துவிடும். ஆகவே சூடு தரும் விளக்கும் புறஊதா விளக்கும் ஒரே இடத்தின் மேல் விழும்படி அமைக்க வேண்டும். சன்னலோரம் வைத்தால் சூரிய ஒளி கிடைத்துவிடுமே என்று பலர் கேட்கிறார்கள். சன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விட்டு, புறஊதா-பி கதிரை மட்டும் தடுத்து நிறுத்திவிடும். அதனால் அந்த வெயிலால் டி3க்குப் பயனில்லை. கோடை நண்பகலில் பெட்டி கொதித்துப்போகும் ஆபத்துதான் மிச்சம்.

மூன்றாவதாக ஈரம். மத்தியதரைக்கடல் ஆமை வறண்ட நிலத்து விலங்கு, ஆகவே பெட்டியும் காய்ந்து கிடக்க வேண்டும் என்று நெடுநாள் நம்பப்பட்டது. குட்டி ஆமைகளின் ஓட்டில் கோபுரம் கோபுரமாக மேடு எழுவதற்குப் புரதம் மிகுந்த உணவே காரணம் என்றும் சொல்லி வந்தார்கள். 2003 இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆப்பிரிக்க சுல்கட்டா ஆமைக் குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்து, வறண்ட காற்றில் வளர்ந்தவற்றுக்கே மேடுகள் உயரமாக எழுந்தன, புரதத்தின் பங்கு சிறிதே என்று காட்டியது. நான் முதலில் வளர்த்த ஆமையைக் காய்ந்த மரச்சீவலில்தான் வைத்திருந்தேன். அதன் ஓட்டில் எழுந்த மேடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஒருமுறை எழுந்த மேடு மறைவதில்லை. இதனால்தான் மண்ணைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

அளவும் இடமும்

வளர்ந்த ஓர் ஆமைக்கு 120 செ.மீ நீளமும் 60 செ.மீ அகலமும் மிகக் குறைந்த அளவு என்று வழக்கமாகச் சொல்வார்கள். குறைந்த அளவு என்பது போதுமான அளவு ஆகாது. ஒரு நாளில் வெகுதூரம் நடக்கும் விலங்கு அது, 180 செ.மீக்கு 90 செ.மீ கொடுக்க முடிந்தால் கொடுங்கள். எல்லா வீட்டிலும் அது முடியாது என்பதால், 244 செ.மீக்கு 122 செ.மீ அளவுள்ள 18 மி.மீ பிளைவுட் தகடு ஒன்றிலேயே வெட்டி எடுக்கக்கூடிய, பின்னால் இன்னொரு பெட்டியை இணைத்து நீட்டிக்கக்கூடிய ஒரு வடிவத்தை இங்கே தருகிறேன். வெளி அளவு 122 செ.மீ நீளம், 75 செ.மீ அகலம், சுவர் உயரம் 45 செ.மீ.

மேற்புறம் திறந்திருக்கும் மரப்பெட்டியையே பரிந்துரைக்கிறேன். கண்ணாடித் தொட்டியில் ஆமை, வெளியே தெரியும் இடத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்து நாள் முழுவதும் கண்ணாடியை முட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடி என்ற தடையை அது புரிந்துகொள்வதே இல்லை. பார்வையை மறைக்கும் சுவர் இருந்தால் அந்தத் தவிப்பு அடங்கிவிடும். வைக்கும் அறையில் நாயோ பூனையோ தனியே நுழைய முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்கு அருகிலும், கதவிடுக்குக் காற்று வீசும் இடத்திலும் வேண்டாம்.

இன்னொன்று: ஒரு பெட்டிக்கு ஓர் ஆமைதான். துணையில்லாமல் வாடுமே என்று இரண்டைச் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. ஆமை தனித்து வாழும் விலங்கு. இரண்டில் வலியது மற்றதைத் தீனியிலிருந்தும் விளக்கடியிலிருந்தும் ஓசையின்றி விரட்டிக்கொண்டே இருக்கும். நாம் அதைக் கவனிப்பதற்குள் மெலிந்தது மேலும் மெலிந்துவிடும்.

வெட்டுதலும் பொருத்துதலும்

தகட்டின் 244 செ.மீ நீளத்தின் குறுக்கே நான்கு பட்டைகளாக வெட்டச் சொல்லுங்கள்: 75 செ.மீ ஒன்று, 45 செ.மீ இரண்டு, 71.4 செ.மீ ஒன்று. ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் 3 மி.மீ அளவுக்கு மரத்தைத் தின்னும். அதையும் கணக்கிட்டால் 6 செ.மீ அகலத்தில் ஒரு துண்டு மிஞ்சும். 75 செ.மீ பட்டை அடிப்பலகை. 45 செ.மீ பட்டைகள் இரண்டும் நீளச் சுவர்கள். 71.4 செ.மீ பட்டையிலிருந்து 45 செ.மீ அகலத்தில் இரண்டு துண்டுகள் எடுத்தால் அவை பக்கச் சுவர்கள். இவை நீளச் சுவர்களுக்கு இடையே உட்காரும் என்பதால்தான் 75 இலிருந்து இரு பலகைகளின் தடிமனான 3.6 செ.மீயைக் கழித்திருக்கிறோம். அதன் பிறகு 31 செ.மீக்கு 71 செ.மீ அளவில் ஒரு துண்டு எஞ்சும். அது ஆமையின் வீட்டுக்கு. மரக்கடைகளில் பெரும்பாலும் இயந்திர ரம்பத்தால் வெட்டித் தருவார்கள். கையால் வெட்டுவதைவிட அது நேராக இருக்கும், தகட்டைக் காரில் ஏற்றுவதும் எளிதாகும்.

மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஈரத்தில் ஊறி உப்பிவிடும். பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரத்தின் மருந்து ஆமைக்கு ஆகாது. இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

விளிம்புகள் எல்லாவற்றையும் உப்புத்தாளால் தேய்த்து, சிலாம்பு இல்லாமல் வழவழப்பாக்குங்கள். அடிப்பலகையின் மேல் நீளச் சுவர் ஒன்றை நிறுத்தி, மூலைமட்டம் வைத்து நேர்பார்த்து, அடியிலிருந்து மேல்நோக்கி 15 செ.மீக்கு ஒன்றாக 50 மி.மீ திருகாணிகளை முடுக்குங்கள். பிளைவுட்டின் விளிம்பில் திருகாணி நேரடியாக ஏறினால் அடுக்குகள் பிளந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே மெல்லிய துளை போட்டுக்கொள்வது கட்டாயம். பிறகு பக்கச் சுவர்கள், கடைசியாக மற்ற நீளச் சுவர். உள்மூலைகள் நான்கிலும் 3 செ.மீ சதுரச் சட்டத்தை நிமிர்த்தி வைத்து முடுக்கினால் பெட்டி ஆடாது. மூட்டுகளில் பசையும் தடவுவதானால், குளிர்ந்த முனையின் பக்கச் சுவருக்கு மட்டும் போட வேண்டாம். பின்னொரு நாள் அதில் அடியிலிருந்து 13 செ.மீ உயரத்தில் தொடங்கி, 25 செ.மீக்கு 25 செ.மீ அளவில் ஒரு வாசல் வெட்டி, இதேபோன்ற இரண்டாவது பெட்டியை ஒட்டிவைத்தால் ஆமைக்குக் கிடைக்கும் இடம் இரு மடங்காகும். அதற்காக அந்தச் சுவரைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மிஞ்சிய 6 செ.மீ பட்டையை முன்சுவரின் மேல்விளிம்பில், உட்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்கையாக முடுக்கிவிடுங்கள். ஆமை நாம் நினைப்பதைவிட நன்றாக ஏறும். மூலையில் முதுகைச் சாய்த்து நகங்களால் பற்றிக்கொண்டு எழும். இந்த இறவாரம் அதைத் தடுக்கும்.

நீர் புகாமல் காத்தல்

ஈரமண் மாதக்கணக்கில் கிடக்கப்போகிற பெட்டி இது. வார்னிஷ் மட்டும் தாங்காது. தோட்டக் குளத்துக்கு அடியில் விரிக்கும் ரப்பர் விரிப்பை வாங்கி, அடிப்பலகை முழுவதும் பரப்பி, சுவரில் 18 செ.மீ உயரம் வரை ஏற்றிவிடுவதே எளிதும் உறுதியுமான வழி. மூலைகளில் விரிப்பை வெட்டாமல், பரிசுப்பொருளைத் தாளில் சுற்றுவதுபோல் மடித்துச் செருகுங்கள். வெட்டினால் அந்த இடத்தில்தான் முதலில் கசியும். ஆணியோ பின்னோ மண்மட்டத்துக்கு மேலேதான் அடிக்க வேண்டும். விரிப்பின் மேல்விளிம்பை ஒரு மெல்லிய மரப்பட்டையால் மூடிவிடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் ஆமை கடித்துப் பார்க்கும். விரிப்புக்கு மேலே தெரியும் மரத்துக்கு நீரை அடிப்படையாகக் கொண்ட வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்து, வாடை முழுவதும் போகும்வரை திறந்த அறையில் காயவிடுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பொறுத்திருப்பதே நல்லது.

எடையை மறக்க வேண்டாம்

புதியவர்கள் அடிக்கடி தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. பெட்டியின் உட்பரப்பில் 12 செ.மீ ஆழத்துக்கு மண் போட்டால் ஏறத்தாழ 100 லிட்டர் மண் பிடிக்கும். மணல் கலந்த ஈரமண் லிட்டருக்கு ஒன்றரை கிலோ வரை எடை இருக்கும். பலகையின் எடையையும் சேர்த்தால் 170 கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு பெரியவர்கள் ஏறி நிற்பதைவிட இது அதிகம். சாதாரண மேசையோ புத்தக அலமாரியோ இதைத் தாங்காது. தரையில் வைப்பதே பாதுகாப்பானது. அப்போது அடியில் மூன்று சட்டங்களை இணையாகப் போட்டு, பெட்டிக்கும் தரைக்கும் நடுவே காற்று போகவும் தரையின் குளிர் ஏறாமலும் இடைவெளி விடுங்கள். குனிந்து வேலை செய்வது கடினம் என்றால், 10 செ.மீ அகலச் சட்டங்களால் ஆறு கால்களும் குறுக்குச் சட்டங்களும் வைத்த தனித் தாங்கி செய்ய வேண்டும். எப்படி வைத்தாலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்ந்த பெட்டியில் தண்ணீர் முழுவதும் ஒரே மூலையில் தேங்கும். மண்ணை நிரப்புவது பெட்டியை அதன் இடத்தில் நிலையாக வைத்த பிறகுதான். நிரப்பிய பெட்டியை நகர்த்த முடியாது.

விளக்குகள்

பெட்டியின் சூடான முனையில் இரு நீளச் சுவர்களிலும் ஒவ்வொரு சட்டத்தை நிமிர்த்தி முடுக்கி, மண்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 70 செ.மீ உயரத்தில் அவற்றுக்கு இடையே ஒரு குறுக்குச் சட்டம் போடுங்கள். விளக்குகள் இதிலிருந்து சங்கிலியில் தொங்கும். கவ்வியால் பிடித்து நிற்கும் விளக்கை எக்காரணத்தாலும் நம்பாதீர்கள். அது வழுக்கி விழுந்து எரிந்த வீடுகள் உண்டு. மரத்தில் திருகிய கொக்கி, அதில் சங்கிலி, சங்கிலியில் விளக்கு என்பதே சரியான முறை. சங்கிலியின் கண்ணிகளை மாற்றி மாட்டி உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது இன்னொரு வசதி.

சூட்டுக்கு, ஒளி பரந்து விழும் 75 அல்லது 100 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று, பீங்கான் ஹோல்டரில். பிளாஸ்டிக் ஹோல்டர் இந்தச் சூட்டில் உருகிவிடும். ஓட்டிலிருந்து 35 செ.மீ உயரத்தில் தொடங்கி, வெப்பமானியைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். ஒளி ஆமையின் முதுகு முழுவதையும் மூட வேண்டும். குவிந்த சிறு வட்டமாக விழுந்தால் ஓட்டின் உச்சி மட்டும் தீயும். இதோடு, வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றை, விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையில், இணையுங்கள். முழுவதும் அணைத்து மறுபடி ஏற்றும் வகை, விளக்கைச் சிமிட்ட வைத்து ஆமையையும் கலவரப்படுத்தும். அடியில் விரிக்கும் சூட்டு விரிப்புகள் வேண்டாம். ஆமை சூட்டை மேலிருந்து எதிர்பார்க்கும் உயிர். வயிற்றோட்டின் வழியே வரும் சூட்டை அது சரியாக உணராது, புண்ணாகிவிடும்.

புறஊதாவுக்கு, ஊர்வனவற்றுக்கென்றே செய்யப்படும் டி5 (T5) என்னும் மெல்லிய குழல்விளக்கு, 55 செ.மீ நீளமும் 24 வாட்டும் உள்ளது, புறஊதா-பி 10 அல்லது 12 சதவீதம் என்று குறித்த வகை, பின்புறம் பளபளக்கும் பிரதிபலிப்பானோடு வாங்குங்கள். சுருள் வடிவச் சிறு விளக்குகள் மலிவு. ஆனால் அவற்றின் கதிர் சிறிய இடத்தில் விழுந்து நின்றுவிடும். குழலைப் பெட்டியின் நீளவாக்கில், சூட்டு விளக்கின் பக்கத்தில், சூடான பாதிக்கு மேல் தொங்கவிட்டால் கதிரும் சூடும் ஒன்றாக விழுந்து, நடுவை நோக்கித் தேய்ந்து, மறுமுனையில் நிழலாகும். ஓட்டிலிருந்து 35 முதல் 40 செ.மீ வரை உயரம் பொதுவாகச் சரி. தயாரிப்பாளர் தரும் அட்டவணையையும் பாருங்கள். குழலுக்கும் ஆமைக்கும் நடுவே கம்பி வலையோ கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. வலை கதிரில் கணிசமான பகுதியை விழுங்கும். கண்ணாடி அநேகமாக முழுவதையும் நிறுத்திவிடும். குழல் பிரகாசமாக எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் புறஊதாக் கதிர் குறைந்துவிடும், நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே பொருத்திய தேதியைக் குழலின் ஓரத்தில் எழுதி வைத்து, ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். கதிர் அளக்கும் கருவி உங்களிடம் இருந்தால், வெயில் காயும் இடத்தில் ஓட்டு மட்டத்தில் புறஊதாக் குறியீடு 3 முதல் 5 வரை காட்ட வேண்டும்.

இரண்டு விளக்கையும் டைமரில் போட்டு நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரியவிடுங்கள். ஒயர்கள் சொருகுமிடத்துக்கு நேரே இறங்காமல், ஒருமுறை அதற்குக் கீழே தொய்ந்து பிறகு மேலேறும்படி விட்டால், ஒயர் வழியே வழியும் நீர்த்துளி தொய்விலேயே சொட்டிவிடும். மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் அந்த இணைப்பில் இருக்கிறதா என்பதை மின்பணியாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மண்

உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்ட மேல்மண் மூன்று பங்கு, குழந்தைகள் விளையாடும் கழுவிய மணல் இரண்டு பங்கு. இந்தக் கலவையை நான் வேறெதற்கும் மாற்றமாட்டேன். பாத்திரத்தால் அளந்து ஒரு பெரிய விரிப்பில் கொட்டி, கையால் புரட்டி, சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டை போல் உருவம் பிடிக்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் நீர் கசிந்தால் ஈரம் மிகுதி. மேல்மண் கிடைக்காவிட்டால் தென்னைநார்த் தூளைக் கலக்கலாம். அது ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். தனியாக அதையே போட்டால் மேலே காய்ந்து பறக்கும் தூளாகிக் கண்ணிலும் மூக்கிலும் ஏறும்.

தனி மணலில் ஆமை தீனியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைபடும். தேவதாரு, பைன் மரச்சீவல்களின் வாடை மூச்சுக்கு ஆகாது. செய்தித்தாள் வழுக்கும், வழுக்கும் தரையில் நடந்து வளரும் குட்டியின் கால்கள் விரிந்துபோகும். கூழாங்கல்லில் தோண்ட முடியாது. தோண்டுவது ஆமைக்குப் பொழுதுபோக்கு அன்று, அதன் வாழ்முறை.

கலவையை 12 செ.மீ ஆழத்துக்குப் பரப்பி, குளிர்ந்த முனையில் இன்னும் 3 செ.மீ கூட்டுங்கள். ஈரத்தைக் காக்கும் முறை முக்கியம்: மேலே தெளிக்காமல், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நான்கு மூலைகளிலும் மெல்லத் தண்ணீரை ஊற்றி அது அடியில் பரவும்படி விடுங்கள். அடிமண் ஈரமாகவும் மேல்மண் தொட்டால் காய்ந்தும் இருக்க வேண்டும். மேலே சதசதப்பாக இருந்தால் வயிற்றுப்பக்க ஓடு அழுகும். குட்டிகளுக்கு ஈரம் கூடுதலாக வேண்டும். குளிர்ந்த பாதியை மட்டும் ஒரு பிளாஸ்டிக் தகட்டால் மூடிவைத்தால் அங்கே ஈரக்காற்று தங்கும். விளக்குள்ள பாதியை மூடக் கூடாது.

உள்ளே வைப்பவை

எடுத்துவைத்த 31 செ.மீ அகலத் துண்டில் 30 செ.மீ நீளத்தில் ஒரு கூரையும், 13 செ.மீ உயரத்தில் மூன்று சுவர்களும் வெட்டலாம். அவற்றை முடுக்கினால் ஒருபக்கம் திறந்த வீடு கிடைக்கும். அதைக் குளிர்ந்த மூலையில் வாசல் நடுவைப் பார்க்கும்படி வைத்து, உள்ளிருக்கும் மண்ணை எப்போதும் சற்றே ஈரமாக வைத்திருங்கள். ஆமை இரவில் இங்கேதான் புதைந்து உறங்கும். நடுப்பகுதியில் உடைந்த மண்தொட்டியின் பாதியைக் கவிழ்த்து வைத்தால் இன்னொரு நிழல் கிடைக்கும். கூர்முனைகளை முதலில் தேய்த்துவிடுங்கள்.

வெயில் காயும் இடத்தில் தட்டையான ஸ்லேட் கல் ஒன்றை மண்ணில் அழுத்தி, மண்மட்டத்துக்குச் சமமாக வையுங்கள். விளக்கடியில் உயரமான கல்லோ செங்குத்தான மேடோ இருக்கவே கூடாது. ஏறி உருண்டு மல்லாந்துவிட்ட ஆமை, விளக்கின் நேர்கீழே கிடந்தால் சில மணி நேரத்தில் இறந்துவிடும். மல்லாந்தாலும் காலால் உந்தித் திரும்ப, பக்கத்தில் பாதி புதைந்த சிறு கற்கள் இரண்டு மூன்று இருந்தால் நல்லது. தீனிக்கும் ஒரு கல்லைத் தனியே நடுவில் வையுங்கள். கல்லில் தின்றால் அலகும் நகமும் இயல்பாகத் தேயும், மண்ணும் வயிற்றில் போகாது. அதன் ஓரத்தில் ஒரு கணவாய் ஓட்டைப் போட்டுவைத்தால், சுண்ணாம்பு வேண்டும்போது ஆமையே சுரண்டித் தின்னும்.

தண்ணீருக்கு, மண்தொட்டியின் கீழ்வைக்கும் அகலத் தட்டு மிகவும் பொருத்தம். ஆமை முழு உடம்போடு உள்ளே இறங்கி நிற்கும் அளவு அகலமும், தலையை உயர்த்தாமலே மூச்சுவிடும் அளவு ஆழக்குறைவும் வேண்டும். தட்டின் விளிம்பு மண்மட்டத்தில் இருக்கும்படி புதைத்துவையுங்கள். ஆமைகள் தண்ணீரிலேயே மலம் கழிக்கும் வழக்கமுடையவை என்பதால் நாள்தோறும் மாற்றிக் கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஆமைகளிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தனி வாளி, தனித் தேய்ப்பான், முடிந்ததும் சோப்பால் கை கழுவுதல். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

செடிகளில் டான்டேலியனும், பிளான்டைன் (Plantago) என்னும் களைச்செடி வகைகளும் தின்னவும் ஒளியவும் ஆகும். அவற்றைச் சிறு தொட்டியோடு புதைத்தால், மொட்டையடித்த பிறகு எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். அரளி, ஐவி, ஃபாக்ஸ்கிளவ், டாஃபடில் ஆகியவை நஞ்சு. பெட்டியில் மட்டுமல்ல, ஆமை உலாவும் தோட்டத்திலும் அவை இருக்கக் கூடாது.

ஆமை வருவதற்கு முன் ஒரு வாரம்

எல்லாம் அமைத்த பிறகு ஆமை இல்லாமலே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து மூன்று மணி நேரம் கழித்து, ஸ்லேட் கல்லின் மேலும், நடுவிலும், ஆமை வீட்டின் வாசலிலும், அதன் உள்ளேயும் வெப்பத்தை அளந்து தாளில் குறியுங்கள். சுவரில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானிகள் பெரும்பாலும் பொய் சொல்லும். முனையில் உணரி உள்ள எண்வகை வெப்பமானி இரண்டு வாங்கி, உணரியை ஓட்டு மட்டத்தில் வையுங்கள். கல் 40 டிகிரி காட்டினால் விளக்கை இரண்டு கண்ணி மேலே ஏற்றுங்கள். குளிர்ந்த முனை 26ஐத் தாண்டினால் ஆமை ஆறுவதற்கு இடமில்லை என்று பொருள், வாட்டைக் குறையுங்கள். விடியற்காலை எழுந்து ஒருநாளாவது இரவு வெப்பத்தைப் பாருங்கள். அறை 15 டிகிரிக்குக் கீழே போகும் வீடானால், ஒளி இல்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் சூடேற்றியைத் தனித் தெர்மோஸ்டாட்டோடு இணைக்க வேண்டும்.

ஆமை வந்த முதல் சில நாட்கள் தன் மரவீட்டுக்குள்ளேயே பதுங்கியிருக்கும். தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். பிறகு ஒரு குறிப்பேட்டில் காலை, நண்பகல், மாலை என்று அது எங்கே இருக்கிறது என்பதை எழுதி வாருங்கள். எப்போதும் விளக்கடியிலேயே கிடந்தால் பெட்டி குளிர்ந்திருக்கிறது. நாள் முழுவதும் புதைந்தே இருந்தால் சூடோ வெளிச்சமோ மிகுதி. சுவரையே சுற்றிச் சுற்றி நடந்தால் எங்காவது இடுக்கு வழியே வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் இடம் போதவில்லை, இரண்டாவது பெட்டியைக் கட்டும் காலம் வந்துவிட்டது. வாரம் ஒருமுறை சமையல் தராசில், அதற்கென்றே ஒதுக்கிய தராசில், எடை பார்த்து எழுதுங்கள். மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, வெப்பத்தைச் சரிசெய்து பார்ப்போம் என்று காத்திராமல் ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். குளிர்கால உறக்கத்துக்கு அனுப்புவதையும் முதல் ஆண்டில் அவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மலத்தையும் வாடிய தீனியையும் அன்றன்றே எடுத்துவிட்டால் மண் பல மாதம் தாங்கும். மே மாதத்தில் தோட்டம் சூடேறி, ஆமை பகல் முழுவதும் வெளியே அடைப்பில் இருக்கத் தொடங்கும்போது, மண் முழுவதையும் வாளி வாளியாக அள்ளி வெளியேற்றுங்கள். காய்கறிப் பாத்தியில் அதைக் கொட்ட வேண்டாம், பூச்செடிகளுக்குப் போடலாம். ரப்பர் விரிப்பைக் கழுவிக் காயவைத்து, மூலை மடிப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்து, தளர்ந்த திருகாணிகளை முடுக்கி, குழல்விளக்கின் ஓரத்தில் எழுதிய தேதியைப் படித்துப் பாருங்கள். புதுக் கலவையைச் செப்டம்பருக்குள் நிரப்பிவிட்டால், ஆமை உள்ளே திரும்பும் முதல் குளிர் இரவுக்குள் அடிமண்ணில் ஈரம் சீராகப் பரவியிருக்கும்.